லொக்கேஷன் அனுப்புங்க

மதுரை தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் ஒரு மாவு மில் இருக்கிறது. ஒற்றை அறை, இரண்டு மெஷின், ஒரு தராசு, வாசலைத் தாண்டி வரும் மிளகாய் நெடி. பழைய ஆட்களுக்கு மூக்கே வழிகாட்டி. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. மில்லை நடத்தும் அக்காவுக்குத் தினமும் போன் வரும்: "லொக்கேஷன் அனுப்புங்க." மாவு படிந்த விரலுக்குத் தொடுதிரை மசியாது. ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீங்கதான் இதெல்லாம் எழுதுறவராச்சே. நம்ம மில்ல மேப்புல போட்டுவிடுங்க, புண்ணியமாப் போகும்."

ஐந்து நிமிட வேலை என்றுதான் நினைத்தேன். மில்லுக்குள் நின்றபடியே, திரையில் தெரிந்த நீலப் புள்ளியின் மேல் குறியை வைத்தேன். பெயர், போன் எண், திறக்கும் நேரம், இரண்டு போட்டோ. சரிபார்ப்பெல்லாம் முடிந்து மில் வரைபடத்தில் ஏறிய அந்த வாரமே, ஒரு பெண் ஐந்து கிலோ மல்லியோடு பக்கத்துச் சந்தில் ஒரு பாத்திரக் கடை வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "இங்கிட்டுதான்னு மேப்பு காட்டுது, நீங்க இல்லைன்னு சொல்றீங்க!"

தப்பு என்னுடையது. நீலப் புள்ளியை நம்பியது முதல் தப்பு, அதைக் கூரைக்குக் கீழே நின்று நம்பியது இரண்டாவது தப்பு.

பலரும் செயற்கைக்கோள் மேலிருந்து நம் போனைப் பார்ப்பதாக நினைக்கிறார்கள். அதற்கு நம்மைத் தெரியவே தெரியாது. ஜி.பி.எஸ். கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, "நான் இன்னார், நான் இருக்கும் இடம் இது, இப்போது மணி இது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கோயில் மணி யாருக்காகவும் தனியாக அடிப்பதில்லையே, அது மாதிரி. கேட்பதும் கணக்குப் போடுவதும் போனின் வேலை. சமிக்ஞை கிளம்பிய நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். குறைந்தது நான்கு கோள்களிலிருந்து தூரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். மூன்று போதாதா என்று கேட்கலாம். போனில் இருப்பது மலிவான கடிகாரம். அதன் பிழையையும் சேர்த்துக் கண்டுபிடிக்கத்தான் நான்காவது கோள்.

எல்லாமே நேரக் கணக்கு என்பதால், நேரத்தில் வரும் இழையளவு தவறும் தூரத்தில் பூதாகரமாகிவிடும். ஒரு மைக்ரோவினாடி பிசகினால் 300 மீட்டர் பிசகும். ஐன்ஸ்டீனின் சார்பியல் இங்கேதான் மாவு மில்லுக்குள் நுழைகிறது. உயரத்தில் ஈர்ப்பு குறைவு, வேகமோ அதிகம். இரண்டின் நிகர விளைவாகக் கோள்களில் உள்ள அணுக் கடிகாரங்கள் தரையில் உள்ளவற்றைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோவினாடி முந்திக்கொள்கின்றன. இதைத் திருத்தாமல் விட்டிருந்தால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் பிழை சேர்ந்திருக்கும். அக்காவின் மில் மறுநாள் திருப்பரங்குன்றத்தையும் தாண்டிப் போயிருக்கும்.

அந்தத் திருத்தத்தைப் பொறியாளர்கள் முன்பே செய்துவிட்டார்கள். அவர்களால் திருத்த முடியாதது எங்கள் சந்து. இரண்டு ஆள் கை நீட்டினால் சுவரைத் தொடும் அகலம், இருபுறமும் மூன்று மாடி. வானத்தில் ஒரு கீற்றுதான் தெரியும். கோளிலிருந்து வரும் சமிக்ஞை நேராக வராமல் எதிர்ச் சுவரில் பட்டுத் தெறித்து வருகிறது. சுற்றி வந்ததால் தாமதம். தாமதம் என்றால் போனின் கணக்கில் கூடுதல் தூரம். திறந்த வெளியில் ஐந்து மீட்டருக்குள் சரியாகச் சொல்லும் அதே போன், இங்கே பக்கத்துச் சந்துக்குத் தாவிவிடுகிறது. குருடன் எதிரொலியைக் கேட்டு, பேசுபவர் அங்கே நிற்கிறார் என்று நினைப்பதுபோல.

ஓர் இடத்தைத் துல்லியமாகக் குறிப்பது ஒரு காலத்தில் எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைக்கு அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நேர்க்கோட்டைச் சங்கிலி வைத்து அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு அதுதான் அடிக்கோடு. கோணம் அளக்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் அதைத் தூக்கிப் போடவில்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்து தன் கையாலேயே நிமிர்த்திச் சரிசெய்தார். ஒரு இடத்தின் அட்சம், தீர்க்கத்தைச் சொல்ல அன்று அரை டன் பித்தளையும் ஒரு படையும் வேண்டியிருந்தன. நாம் அதை மல்லி அரைக்கப் போகும் வழியில் செய்கிறோம், பிசகினால் கோபித்தும் கொள்கிறோம்.

சரி, திருத்தத்துக்கு வருவோம். வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தேன். மில்லின் தகரக் கூரையைத் தேடிப்பிடித்து, குறியை விரலால் இழுத்து வாசலில் வைத்தேன். கூரையின் நடுவில் வைத்தால் அழகாக இருக்கும், ஆனால் அது பொறி. வழிகாட்டும் நிரல் பெரும்பாலும் குறிக்கு மிக அருகில் ஓடும் பாதைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு, "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று சொல்லிவிடும். கட்டடத்தின் பின்சுவரை ஒட்டி வேறொரு சந்து ஓடினால் வாடிக்கையாளர் பின்சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். குறி எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்ற கணக்கும் எளிது. அட்சத்தில் ஒரு பாகை என்பது சுமார் 111 கிலோமீட்டர், மதுரையில் தீர்க்கத்துக்கும் ஏறக்குறைய அதேதான். நான்காவது தசம இடம் 11 மீட்டர், ஐந்தாவது சுமார் ஒரு மீட்டர். எங்கள் சந்தில் நான்காவது இலக்கம் தவறினால் வேறு கடை, ஐந்தாவது தவறினால் வேறு படிக்கட்டு.

இதற்கு முகவரி போதாதா? அக்காவின் முகவரியில் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று, இரண்டையும் மதிக்காத மின்வாரிய எண் ஒன்று. எதிர்வரிசையில் ஒற்றைப்படை எண்கள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்பது தெருவுக்குத் தெரு மாறும். அதனால் நாம் "பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ல, மருந்துக் கடைக்குப் பக்கத்துல" என்று சொல்லிப் பழகிவிட்டோம். இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். தெரிந்த புள்ளியிலிருந்து தெரியாத புள்ளிக்குப் போவதுதான் லாம்டன் செய்ததும்.

மதுரையின் பழைய வீதிகளே ஒரு நல்ல ஆயமுறை. கோயிலை நடுவில் வைத்து, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சதுரங்கள்; ஒவ்வொன்றிலும் கீழ, மேல, தெற்கு, வடக்கு. "மேல ஆவணி மூல வீதி" என்றதும் எந்தச் சுற்று, எந்தத் திசை என்ற இரண்டு தகவல்களும் வந்துவிடும். அட்சமும் தீர்க்கமும் செய்கிற வேலையை இங்கே ஒரு மாதப் பெயரும் ஒரு திசையும் செய்கின்றன. சந்துகள் பிரியத் தொடங்கும்போதுதான் இந்த அழகு கலைகிறது.

கலைந்ததைச் சரிசெய்யப் புதிய முயற்சிகள் வந்திருக்கின்றன. 2014இல் கூகுள் வெளியிட்ட பிளஸ் குறியீடு, உலகம் முழுவதையும் சுமார் 14 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு குறியீடு தருகிறது. அதில் உயிரெழுத்துகள் இல்லை, தற்செயலாகக்கூட ஏடாகூடமான சொல் அமைந்துவிடக் கூடாது என்பதற்காக. நம் தபால் துறை 2025இல் அறிமுகப்படுத்திய டிஜிபின் இன்னும் நுணுக்கமானது. ஐ.ஐ.டி. ஹைதராபாத், இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் இரண்டோடும் சேர்ந்து உருவாக்கியது. இந்தியாவை மூடும் ஒரு பெரிய சதுரம், பக்கம் 36 பாகை. அதை நான்குக்கு நான்காக 16 கட்டங்களாக்கி ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. அந்தக் கட்டத்தை மறுபடி 16 ஆக்கி அடுத்த எழுத்து. இப்படிப் பத்து எழுத்து முடிவதற்குள் நாலாயிரம் கிலோமீட்டர் பக்கம் சுமார் நான்கு மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அக்காவின் மில் அகலம் அவ்வளவுதான்.

இடம் சரி. ஆனால் அங்கே மில் இருக்கிறது என்பதற்கு என்ன சாட்சி?

இந்தக் கேள்வியைத்தான் நான் இந்த அத்தியாயத்தின் மையமாக நினைக்கிறேன். அட்சமும் தீர்க்கமும் பூமியைப் பற்றிய உண்மைகள், யார் வேண்டுமானாலும் அளந்து பார்க்கலாம். "இங்கே மாவு மில் இருக்கிறது, எட்டு மணிக்குத் திறக்கும்" என்பதோ ஒருவர் தரும் வாக்குமூலம். அந்தத் தெருவில் கால் வைக்காத ஒரு கணினி அதை எதை வைத்து நம்பும்? நம்பினால் என்ன ஆகும் என்பதை 2014இல் அமெரிக்காவில் பிரையன் சீலி என்பவர் காட்டினார். எஃப்.பி.ஐ.யின் சான் பிரான்சிஸ்கோ அலுவலகம், வாஷிங்டனில் உள்ள ரகசியச் சேவைப் பிரிவு இரண்டுக்கும் கூகுள் மேப்பில் தன் போன் எண்ணோடு போலிப் பதிவுகளை ஏற்றினார். அந்த எண்ணுக்கு வந்த அழைப்புகளை உண்மையான அலுவலகத்துக்கே திருப்பிவிட்டு, நடுவில் பதிவும் செய்தார். பிறகு தானே போய் அதிகாரிகளிடம் சொன்னார். அவர் நோக்கம் ஓட்டையைக் காட்டுவது. காசு பார்ப்பதை நோக்கமாகக் கொண்டவர்களுக்கும் பஞ்சமில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் கூகுளோடு சேர்ந்து, முறைகேட்டுக்காக நீக்கப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2017இல் கட்டுரை வெளியிட்டார்கள். பூட்டுத் திறப்பவர், குழாய் ரிப்பேர் செய்பவர் என்று அவசரத்தில் தேடப்படும் தொழில்களில்தான் போலிகள் மொய்த்தன. பூட்டிய வீட்டு வாசலில் ராத்திரி நிற்பவர் கடை உண்மையா என்று விசாரித்துக்கொண்டா இருப்பார்?

அதனால்தான் இப்போது கடைக்காரர் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. முன்பு கடை முகவரிக்கு ஒரு ரகசிய எண் அச்சிட்ட தபால் அட்டை வரும். அட்டை கையில் கிடைத்தால் அந்த முகவரியில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று பொருள். எளிய யோசனைதான், ஆனால் ஒரு தபால் பெட்டி வாடகைக்கு எடுத்தாலும் அட்டை வந்துவிடுமே. இப்போது பல கடைகளிடம் வெட்டு ஒட்டு இல்லாத ஒரே வீடியோ கேட்கிறார்கள். தெரு தெரிய வேண்டும், பெயர்ப்பலகை தெரிய வேண்டும், கடையை நடத்துபவர் மட்டும் செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்து காட்ட வேண்டும்.

அக்கா இதற்குப் பட்டுச் சேலை கட்டி வந்திருந்தார். முகம் வேண்டியதில்லை என்றதும் அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வீதி முனையில் தொடங்கி, பலகையைக் காட்டி, ஷட்டர் பூட்டைத் திறந்து, உள்ளே போய் மெஷினின் சுவிட்சைப் போட்டார். அவ்வளவுதான் நிரூபணம். எனக்கு இது மிகவும் பிடித்த பகுதி. கோடிக்கணக்கான கட்டளைகளை நொடியில் ஓட்டும் கணினி வலைப்பின்னல், கடைசியில் ஒரு சாவிக்கொத்தைக் காட்டச் சொல்கிறது.

இனி, தேடல். புதிதாகக் குடிவந்தவர் "பக்கத்தில் மிளகாய் அரைக்கும் இடம்" என்று தட்டுகிறார். உலகில் உள்ள கோடிக்கணக்கான கடைகளோடு அவர் நிற்கும் இடத்தை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் மல்லி முளைத்துவிடும். "பக்கம்" என்பதைக் கணினிக்கு வேறு விதமாகச் சொல்லித்தர வேண்டும். கூகுள் பொறியாளர்கள் உருவாக்கிய எஸ்2 என்ற முறை பூமியை ஒரு கனசதுரத்துக்குள் அடைத்து, அதன் ஆறு முகங்களையும் நான்கு நான்காகப் பிரித்துக்கொண்டே போகிறது. முப்பது முறை பிரித்தபின் வரும் கட்டம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் சிறியது. இந்தக் கட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே இழையில் கோக்க வேண்டும். இழையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை தரையிலும் பக்கத்தில் இருக்க வேண்டும். 1891இல் ஜெர்மானியக் கணித மேதை டேவிட் ஹில்பர்ட் வரைந்து காட்டிய ஒரு வளைவு இதைச் செய்கிறது. கை எடுக்காமல் எல்லாக் கட்டங்களுக்குள்ளும் நுழைந்து வரும் ஒற்றைக் கோடு அது.

கை எடுக்காமல் எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வரும் ஒற்றைக் கோடு! மார்கழியில் அக்கா வாசலில் போடும் சிக்குக் கோலத்தைப் பார்த்தவருக்கு இதில் வியப்பு எதற்கு? இது வெறும் உவமை என்று தள்ள வேண்டாம். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களை வரையும் விதிகளைக் கணினி இலக்கணமாக எழுதி 1974இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். கணினிப் பட இலக்கணத்தில் கோலம் அன்றிலிருந்து ஒரு மதிப்புள்ள உதாரணம்.

இழை அமைந்துவிட்டால் இடம் என்பது ஒரே ஓர் எண் ஆகிவிடுகிறது. அகராதியில் சொல் தேடுவதுபோல, அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் புரட்டினால் பக்கத்துக் கடைகள் வந்து விழும். ஒரு குறை உண்டு. கோடு திரும்பும் இடங்களில், தரையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கட்டங்கள் இழையில் வெகுதூரம் பிரிந்துபோகும். அதனால் நிரல் சுற்றுக் கட்டங்களையும் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொள்கிறது.

வந்த கடைகளில் யார் முதலில்? பொருத்தம், தூரம், பிரபலம் என்ற மூன்றை வைத்து வரிசைப்படுத்துவதாகக் கூகுள் சொல்கிறது. தூரத்தை அக்காவால் மாற்ற முடியாது. பொருத்தத்தை மாற்றலாம். தொழில் வகையில் நான் முதலில் "மளிகை" என்று போட்டிருந்தேன், அது இன்னொரு அசட்டுத்தனம். "மாவு மில்" என்று மாற்றியபின்தான் சரியான தேடலில் மில் தலைகாட்டியது. பெயரை மட்டும் பலகையில் உள்ளபடியே விட வேண்டும். "மதுரை நம்பர் ஒன் மிளகாய்த் தூள் மசாலா அரவை" என்று பெயரிலேயே தேடுசொற்களைத் திணிப்பது விதிமீறல், பதிவே முடக்கப்படலாம். நியூயார்க்கில் ஒரு தாய்லாந்து உணவகம் இந்த விதியை மடக்கியது. கடையின் உண்மையான பெயரையே, பலகையோடு சேர்த்து, "பக்கத்தில் தாய் உணவு" என்று பொருள்படும்படி வைத்துவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் ஒரு ஊரில் ஒருவர்தான் செய்ய முடியும்.

பிரபலம் என்றால் பெரும்பாலும் நட்சத்திரங்கள். இதில் கடைக்காரர்கள் வீணாகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மூன்றே பேர் எழுதி மூவரும் நல்லது என்று சொன்ன கடை மேலா, முந்நூறு பேரில் 280 பேர் நல்லது என்று சொன்ன கடை மேலா? சதவீதம் பார்த்தால் முதல் கடைக்கு நூறு. பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் 18ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார். எந்தக் கணக்கிலும் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் கற்பனையாகச் சேர்த்துக்கொள். மூன்றுக்கு மூன்று என்பது ஐந்துக்கு நான்காகும், அதாவது 80 சதவீதம். 300க்கு 280 என்பது 302க்கு 281 ஆகும், 93 சதவீதம். ஆள் குறைவாக இருந்தால் சாட்சியும் பலவீனம். வரைபட நிறுவனங்கள் எந்தச் சூத்திரத்தை வைத்திருக்கின்றன என்பது வெளியில் வராத ரகசியம், ஆனால் படிக்கும் நாம் இந்தச் சூத்திரத்தை மனதில் வைத்துக்கொள்ளலாம். அக்காவுக்கு வந்த முதல் விமர்சனம் ஒற்றை நட்சத்திரம்: "காரமாக இருந்தது." அரைக்கக் கொடுத்த மிளகாய் அவருடையது.

இன்னொன்று. பதிவு ஏறிய கொஞ்ச நாளில் "உங்கள் கடையை முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம், பணம் கட்டுங்கள்" என்று போன் வரும். கூகுள் மேப்பில் கடையைச் சேர்க்கக் கட்டணம் கிடையாது, பணம் வாங்கிக்கொண்டு இயல்பான வரிசையில் மேலே ஏற்றுவதும் கிடையாது. விளம்பரம் தனி, அது விளம்பரம் என்ற அடையாளத்தோடுதான் வரும். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இன்னொரு வரைபடமோ எல்லாருக்கும் திறந்தது. அதிலும் மில்லைச் சேர்த்துவிட்டேன். விக்கிப்பீடியாவைப் போல யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். அதன் தரவை எடுத்துப் பல செயலிகள் ஓடுகின்றன.

வாக்குமூலத்துக்கு ஆயுள் குறைவு. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை அது "புது" மண்டபம்தான். அங்கே தலைமுறைகளாகத் தையல்காரர்களும் பாத்திரக் கடைக்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் இருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. கல்தூண் நகரவில்லை, அதன் அட்சம், தீர்க்கத்தில் ஓர் இலக்கமும் மாறவில்லை. அங்கே தையல்காரர் இருக்கிறார் என்ற வாக்கியம் மட்டும் ஒரே நாளில் பொய்யாகிவிட்டது. அதை வரைபடத்துக்கு யாராவது போய்ச் சொல்ல வேண்டும். கடைக்காரர் சொல்லாவிட்டால் வழிப்போக்கர் "திருத்தம் பரிந்துரை" செய்வார். அது சரியாகவும் இருக்கும், சில சமயம் போட்டிக் கடைக்காரர் போட்ட "நிரந்தரமாக மூடப்பட்டது" என்பதாகவும் இருக்கும். மாதம் ஒருமுறை உங்கள் கடையை நீங்களே ஒரு வாடிக்கையாளரைப் போலத் தேடிப் பாருங்கள்.

அக்கா பார்க்கிறார். எங்கள் பகுதியில் பராமரிப்புக்காக அவ்வப்போது ஒரு நாள் முழுக்க மின்சாரம் இருக்காது. மெஷின் ஓடாது, ஆனால் வரைபடம் "திறந்திருக்கிறது" என்றே காட்டிக்கொண்டிருக்கும். சிறப்பு நேரம் என்ற பகுதியில் அந்த ஒரு நாளை மட்டும் மூடி வைக்கலாம் என்று காட்டிக்கொடுத்தேன். போன முறை செய்தித்தாளில் மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டு, மாற்றலாம் என்று திறந்தேன். அக்கா முந்தின நாள் ராத்திரியே மாற்றியிருந்தார்.